பரப்பில் வைக்காத கார்டு

ஆச்சிக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில், சாமானோடு சேர்த்து உனக்கென்று தனியாக என்ன வேண்டும் என்று அப்பச்சி கேட்டார். வைரத்தோடு என்பாள், இல்லையென்றால் வெள்ளியில் ஏதாவது கேட்பாள் என்று ஆத்தா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஆச்சி தரையைப் பார்த்துக்கொண்டே, கேம் விளையாடுகிற மாதிரி நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்றாள். 

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் அக்காவைத்தான் ஆச்சி என்போம். அம்மா ஆத்தா, அப்பா அப்பச்சி. எங்கள் ஆச்சி மலைப்பாதையில் ஜீப் ஓட்டுவதில் கெட்டிக்காரி என்று காலேஜ் தோழிகளிடம் சொல்லி, பொக்கைவாய்க் கிழவி ஒருத்தி கியர் போடுவதை அவர்கள் கற்பனை செய்து வாயைப் பிளந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் ஆச்சிக்கு அப்போதுதான் காலேஜ் முடிந்திருந்தது. நான் ஏழாம் வகுப்பு.

சாமான் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களில் பெண் பிறந்த கையோடு தாய்க்காரி சாமான் சேர்க்க ஆரம்பித்துவிடுவாள். பித்தளை, எவர்சில்வர், மங்குப் பீங்கான், மரம் என்று அண்டாவில் தொடங்கி முறம், விளக்குமாறு வரைக்கும் போகும். கல்யாணத்தன்று அத்தனையையும் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஜமுக்காளம் விரித்து, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசை கட்டிப் பரப்பி வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து சுற்றிப் பார்ப்பார்கள். பரப்பில் வைத்தது எல்லாம் பெண்ணோடு போய்விடும். அதில் ஒரு கரண்டியைக்கூட இங்கே நிறுத்திக்கொள்ள முடியாது. பரப்பில் வைக்காததை எங்கே என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். இது ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தா பொரிந்து தள்ளினாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் கேம் விளையாடப் பெட்டி கேட்டாள் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றாள். அப்பச்சி அதிகம் பேசுகிறவர் இல்லை. “பிள்ளை வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதேன். வாங்குவோம்” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு தன் பெயிண்ட் கடைக்குக் கிளம்பிவிட்டார். மாப்பிள்ளையின் சென்னை வீட்டில் ஃப்ரிட்ஜ் ஏற்கெனவே இருந்தது. அதனால் ஃப்ரிட்ஜுக்கு ஒதுக்கி வைத்த பணத்துக்குள் கம்ப்யூட்டரை முடித்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடானது. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று ஆத்தா கறாராகச் சொல்லிவிட்டாள்.

எங்கள் காரைக்குடி வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அப்பச்சியின் கடையில் பில் போட்டுப் போட்டுக் களைத்து, ஓய்வெடுக்க எங்களிடம் வந்து சேர்ந்தது. அதில் ஒரே ஒரு விளையாட்டுதான் ஓடும். ஓடும் என்று சொல்வதற்கும் பெரிய மனசு வேண்டும். மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிற விளையாட்டு அது. மலைக்கு அந்தப் பக்கம் கடல். விளம்பரப் படத்தில் அந்தக் கடலில் அலை புரளும். எங்கள் திரையிலோ சுவருக்கு அடித்த நீலப் பெயிண்ட் மாதிரி அசையாமல் நிற்கும். தூரத்து மலை கண்ணுக்கே தெரியாது, இடிக்கப் போகிற நேரத்தில் திடீரென்று முளைக்கும். அதனால் ஒருத்தரால் சமாளிக்க முடியாது. ஆச்சி அம்புக்குறிப் பொத்தான்களில் ஜீப்பைத் திருப்புவாள். கீழே நீளமாக இருக்கிற பொத்தானில் பிரேக் போடுவது என் வேலை. ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்துகொள்வோம். “புடிடி” என்பாள், நான் பிடிப்பேன். அந்தக் கடலில் அலையடிப்பதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது இருந்த ஒரே லட்சியம்.

பாகங்களை முழுசாகச் சேர்த்துப் பூட்டி விற்கிற கம்ப்யூட்டரை வாங்கினால் ஃப்ரிட்ஜ் பணத்துக்குக் கடலும் வராது, அலையும் வராது என்று ஆச்சி சொன்னாள். பாகம் பாகமாகத் தேர்ந்து வாங்கினால்தான் கட்டுப்படியாகும். தீபாவளி கழிந்ததிலிருந்து இதே வேலையாக இருந்தோம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து, அவள் கைப்பேசியில் விலை பார்ப்போம். ரேமைக் கூட்டினால் மானிட்டர் சிறுத்துவிடும். மானிட்டரைப் பெரிதாக்கினால் மதர்போர்டு மட்டமாகிவிடும். ஒரே போர்வையை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு படுத்த கதைதான். அந்த விஷயத்தில் எங்களுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி கிராபிக்ஸ் கார்டு. திரையில் மலையையும் கடலையும் வரைகிற வேலை அதனுடையது. அது இல்லாவிட்டால் மற்ற வேலை நடக்கும், இந்த மாதிரி விளையாட்டு நடக்காது. அந்தச் சமயம் பார்த்து அதன் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. உலகம் முழுக்க யார் யாரோ இந்தக் கார்டை மொத்தமாக வாங்கிக் கம்ப்யூட்டரில் காசு உண்டாக்குகிறார்களாம் என்று ஆச்சி சொன்னாள். அதை நான் அப்படியே ஆத்தாவிடம் போய்ச் சொன்னேன். கள்ள நோட்டு அடிக்கிற சாமானையா கல்யாணப் பரப்பில் வைக்கப் போகிறோம் என்று ஆத்தா அன்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

எனக்குக் கார்டெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நான் கேட்டது கேபினெட். பாகங்களையெல்லாம் உள்ளே வைத்து மூடுகிற பெட்டிதான், ஆனால் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே சுற்றுகிற விசிறிகளில் விளக்கு, அந்த விளக்கு நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். இரும்புப் பெட்டியே போதும், விளக்கு எரிந்தால் ஜீப் வேகமாகவா போகும் என்று ஆச்சி கேட்டுப் பார்த்தாள். கடைசியில் என் தலையில் கை வைத்துச் சரி என்று சொல்லிவிட்டாள்.

இந்தக் கம்ப்யூட்டர் சாமானோடு போகப்போகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆச்சியும் போகப்போகிறாள் என்பதும் தெரியும். ஆனாலும் அந்தக் கேபினெட்டை எங்கள் வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு சுவரில் அடிக்கும், நாங்கள் இரண்டு பேரும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்போம்.

ஒரு நாள் சாயங்காலம் கடைக்குப் போனோம். ஆச்சி ஸ்கூட்டி ஓட்ட, நான் வழக்கம்போல அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு போனேன். கடை ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கடைக்கார அண்ணன் பொறுமைசாலி. ஆச்சி சொல்லச் சொல்ல ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மேசையில் வைத்தார். கார்டும் வந்தது. கண்ணாடிக் கேபினெட்டும் வந்தது. நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

புராசஸருக்கு வந்தபோதுதான் எல்லாம் கெட்டது. ஆச்சி ஒன்றைக் கேட்டாள். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “கார்டு தனியாப் போடுறீகள்ல, அப்புறம் இது எதுக்கு? இதுல படம் காட்டுறது உள்ளேயே இருக்கு, அதுக்கும் சேத்துத்தேன் வெலை. அது இல்லாதது கம்மிக்கு வரும், வேகமும் கூட. மிச்சத்துல தங்கச்சி கேக்குற கேபினெட்டையே எடுத்துக்கிறலாம்” என்றார். நான் சந்தோஷமாகத் தலையை ஆட்டினேன். அந்த மனிதரைத் தெய்வம் மாதிரி பார்த்தேன்.

ஆச்சி அந்த இரண்டு டப்பாக்களையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு, “இல்லண்ணே, இதுவே இருக்கட்டும்” என்றாள். கேபினெட்டைச் சாதாரண இரும்பில் மாற்றிக்கொள்ளச் சொன்னாள். கார்டு போட்டுவிட்டால் அந்தப் புராசஸருக்குள் இருக்கிறது சும்மா தூங்கும் என்று கடைக்காரர் இன்னொரு தடவையும் எடுத்துச் சொன்னார். அவள் கேட்கவில்லை.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தலையில் கை வைத்துச் சொன்ன சொல்லாயிற்றே! தூங்கப் போகிற ஒன்றுக்குக் காசைக் கொட்டிவிட்டு, கண் முன்னால் மின்னுகிற ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறாளே, இவளுக்கு என்ன கிறுக்கா என்று நினைத்தேன். ஏன் ஆச்சி என்று கேட்டதற்கு, உனக்குப் பின்னால் சொல்கிறேன் என்றாள். சொல்லவே இல்லை. நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதிலேயே மும்முரமாக இருந்துவிட்டேன்.

கடையிலேயே பூட்டித் தந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை ஆத்தா தடுத்துவிட்டாள். மொத்தம் என்னென்ன வருகிறது என்று விசாரித்தவளுக்குத் திடீரென்று ஒரு ஞானோதயம். பூட்டினால் அது ஒரு சாமான். பூட்டாமல் வைத்தால் எத்தனை சாமான்! பரப்பில் ஒரு வரிசையே வைக்கலாமே. இவ்வளவு நாளும் கம்ப்யூட்டர் என்றால் முகத்தைச் சுளித்தவள், அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைப் பற்றிப் பெருமையாகப் பேச ஆரம்பித்தாள். ஆச்சி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, அப்படியே இருக்கட்டும் ஆத்தா, போகிற இடத்தில் நானே பூட்டிக்கொள்கிறேன் என்று உடனே சொல்லிவிட்டாள்.

கல்யாணம் தை மாதம், நேமத்தான்பட்டியில். அங்கே எங்கள் பங்காளிகள் எல்லோருக்கும் சேர்ந்த பெரிய வீடு ஒன்று இருக்கிறது. விசேஷம் வந்தால்தான் திறப்போம், மற்ற நாளெல்லாம் வௌவால்கள் பார்த்துக்கொள்ளும். வளவு முழுக்கச் சாமானைப் பரப்பும் பொறுப்பை அயித்தை, அதாவது அப்பச்சியின் அக்கா, எடுத்துக்கொண்டார். அவர் நின்றால் அந்த இடத்தில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது. அட்டைப்பெட்டியோடு எதையும் பரப்பில் வைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். பெட்டியோடு வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்பார். அந்தச் சட்டம் அண்டாவுக்குப் பொருந்தும், குக்கருக்குப் பொருந்தும். கம்ப்யூட்டருக்கு என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்க நியாயமில்லை.

நான் காலைப் பலகாரம் முடித்துவிட்டு வந்து பார்த்தால், ஒவ்வொரு பாகத்தையும் உறையிலிருந்து உருவியெடுத்து ஜமுக்காளத்தில் அடுக்கியிருந்தார்கள். அதுவும் அளவு வரிசைப்படி, ஜாதி வரிசைப்படி. ரேம் இரண்டும் சீப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தன. புராசஸரைக் குளிர வைக்கிற விசிறியை இடியாப்ப உரலோடு சேர்த்துவிட்டார்கள். புராசஸர் ஒரு வெள்ளித் தட்டில், குங்குமச் சிமிழுக்கு அருகே மரியாதையாக உட்கார்ந்திருந்தது. இதெல்லாம் போதாதென்று, புதுச் சாமானுக்கு மஞ்சள் குங்குமம் வைக்காமல் விடலாமா என்று அயித்தை கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். கேபினெட்டுக்கு ஒன்று, பவர் சப்ளைக்கு ஒன்று, மதர்போர்டின் நட்டநடுவில் ஒன்று. பட்டுப்புடவை சரசரக்க எட்டிப் பார்த்த மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர், மதர்போர்டைக் காட்டி இதில் எந்த ஊர்க் கோலம் போட்டிருக்கிறது என்று கேட்டார்.

பட்டுப்புடவையோடு இதையெல்லாம் தொட்டாலே போய்விடும், மின்சாரம் ஏறிவிடும் என்று நான் கத்தினேன். மின்சாரம் கம்பியில்தான் ஏறும், புடவையில் எங்கே ஏறும் என்று அயித்தை என்னை ஓரம் தள்ளினார். நான் அழுதுகொண்டே மாடியறைக்கு ஓடினேன். அங்கே ஆச்சியைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டு அவள் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. வைத்த மை கலைந்து கன்னத்தில் இறங்கியது. இடியாப்ப உரலைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. விடுடி, பொட்டு வைத்தால் ஓடாது என்று எந்தக் கம்பெனியும் சொல்லவில்லை என்றாள்.

பிறகு மற்றவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அடியில் இருக்கிற பையை எடுக்கச் சொன்னாள். உள்ளே கிராபிக்ஸ் கார்டு, பிரிக்காத டப்பாவோடு இருந்தது.

“இதை ஓம் பையில வச்சுக்க. பரப்புல வைக்காத” என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

“லீவுக்கு வருவேல்ல, அப்பக் கொண்டா. ரெண்டு பேருமா மாட்டி வெளையாடலாம்.”

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கம்ப்யூட்டரை முழுசாக அவள் கொண்டுபோகிறாள், எனக்கு ஒரு கார்டு. எங்கள் வீட்டுக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் அதைச் செருக இடமே கிடையாது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன விசிறிக்கொள்ளவா? இதைக் கேட்பதற்குள் நாதஸ்வரம் வந்துவிட்டது, அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் டப்பாவைப் பிரித்துப் பார்த்தேன். கறுப்பாக, கனமாக இருந்தது. கீழே மற்றதெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஜோராக உட்கார்ந்திருக்க, இது மட்டும் மூளியாக இருக்கிறதே என்று தோன்றியது. ஆச்சியின் குங்குமத்தில் தொட்டு அதன் விசிறிக்கு நடுவில் ஒரு பொட்டு வைத்து, திரும்ப மூடினேன்.

மறுநாள் சாமானை லாரியில் ஏற்றினார்கள். கேபினெட்டை அண்டாவுக்கு அடியில் வைத்துவிடுவார்களோ என்று நான் லாரியையே சுற்றிச் சுற்றி வந்தேன். அது பத்திரமாக ஏறி, தார்ப்பாய் கட்டி முடித்த பிறகுதான் திரும்பினேன். அதற்குள் ஆச்சியின் கார் போய்விட்டிருந்தது. உன்னைத்தான் தேடினாள் என்று ஆத்தா சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகு போர்வை முழுசும் எனக்குத்தான். நாற்காலி முழுசும் எனக்குத்தான். நான் இதற்காகப் பல வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். நாற்காலியில் நடுவில் உட்கார்ந்தால் அந்த நாற்காலி ஏனோ பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. பழைய பழக்கத்தில் ஓரத்திலேயே உட்கார்ந்து ஜீப்பை ஓட்டினேன். முதலில் எல்லா மலையிலும் இடித்தேன். அப்புறம் இடது கட்டைவிரலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வலது கையால் திருப்பப் பழகிக்கொண்டேன். ஒரே ஆளாக ஓட்டலாம்தான். ஆனால் யாரும் “புடிடி” என்று சொல்ல மாட்டார்கள்.

சென்னையில் ஆச்சி கம்ப்யூட்டரைத் தானே பூட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடியோ அழைப்பில் நானும் கூடவே இருந்தேன். மதர்போர்டில் குங்குமம் அப்படியே இருந்தது, துடைக்கச் சொன்னேன், அவள் துடைக்கவில்லை. பொத்தானை அமுக்கியதும் விசிறி சுற்றித் திரையில் படம் வந்தது. கார்டு இல்லாமலே வந்தது. அந்த வெட்டிச் செலவுப் புராசஸர் தூங்காமல் வேலை செய்தது. அவள் அதில் படம் பார்த்தாள், கணக்கு எழுதினாள், வேலைக்கு மனுப் போட்டாள். ஜீப் மட்டும் ஓட்டவில்லை. அந்த விளையாட்டின் புதுப் பதிப்பு கார்டு இல்லாமல் அசையாது.

மே மாதம் லீவுக்குப் போனேன். அப்பச்சி ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். கார்டை மேலே வைக்கச் சொன்னார், நான் கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். எழும்பூரில் ஆச்சியும் அத்தானும் நின்றார்கள். ஆச்சி கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, முதலில் என்னை விசாரித்தாளா கார்டை விசாரித்தாளா என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை. அத்தான் சிரித்துக்கொண்டே அப்பச்சியிடம் புகார் சொன்னார். “நானே ஒண்ணு வாங்கித் தாரேன்னு ரெண்டு மூணு தடவ சொன்னேன், கேக்க மாட்டேங்கிறா. ஊர்ல ஒண்ணு இருக்கு, அது வரும்கிறா.” நான் பூரித்துப்போனேன். என்னதான் இருந்தாலும் ஆத்தாவின் மகள், சிக்கனத்தைக் கற்றுக்கொண்டாளே என்று நினைத்தேன்.

அன்றைக்கே இரண்டு பேருமாக உட்கார்ந்து கார்டைப் பூட்டினோம். மதர்போர்டின் பொட்டும் கார்டின் பொட்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அந்த வீட்டில் நல்ல நாற்காலிகள் நிறைய இருந்தும் ஒன்றிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்தோம். முதல் தடவையாகத் தூரத்திலிருந்தே மலை தெரிந்தது. மரங்களுக்கு நிழல் விழுந்தது. வளைவில் திரும்பி உச்சிக்கு ஏறியதும் கடல் வந்தது, அலையோடு. “புடிடி” என்றாள். நான் பிரேக்கைப் பிடித்தேன். மலை உச்சியில் ஜீப்பை நிறுத்திவிட்டு, ஒன்றும் செய்யாமல், அலை வந்து வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தான் எங்களை மெரினாவுக்குக் கூப்பிட்டார். அதுதான் வீட்டிலேயே இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன்.

லீவு முடிந்து கிளம்புகிற நாளில் எனக்கு ஒரு பெரிய மனசு வந்தது. கார்டைக் கழற்றப் போன ஆச்சியைத் தடுத்து, இது உனக்கே இருக்கட்டும், நான் கொடுத்துவிட்டேன் என்றேன். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  எனக்கு மனசு விட்டுப்போனது. காரைக்குடி வந்து பையைப் பிரித்தால், ஆத்தாவுக்குக் கொடுத்துவிட்ட பலகாரத்துக்குக் கீழே, துண்டில் சுற்றி, கார்டு இருந்தது.

உடனே போன் போட்டேன். கொடுத்ததை ஏன் திருப்பி வைத்தாய் என்று சண்டைக்குப் போனேன்.

“அது உங்கிட்டயே இருக்கட்டும்டி. அடுத்த லீவுக்குக் கொண்டா” என்றாள்.

அதுவரைக்கும் நீ எதை வைத்து விளையாடுவாய் என்றேன்.

“நீ இல்லாம பிரேக்க யாரு புடிப்பா?”

இது ஒரு பிரச்சினையா! அதற்கு என்னிடம் வழி இருந்ததே. இடது கட்டைவிரலை நீளப் பொத்தானில் வைத்துக்கொள், வலது கையால் திருப்பு, நாலு நாள் இடிக்கும், அப்புறம் பழகிவிடும், நான் அப்படித்தான் தனியாக ஓட்டுகிறேன் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.   சரிடி என்றாள், குரல் கம்மியிருந்தது. நல்ல யோசனை சொல்லிவிட்ட திருப்தியோடு போனை ஆத்தாவிடம் கொடுத்தேன்.

அடுத்த லீவுக்குப் போனேன். அதற்கடுத்ததில் டியூஷன். அப்புறம் பத்தாம் வகுப்பு, ஊரடங்கு, காலேஜ். அத்தானுக்கு வேலை மாறி, இப்போது அவர்கள் இருக்கிற ஊரில் நான் எழுந்திருக்கும்போது ஆச்சி தூங்கப் போகிறாள். கிளம்பும்போது அந்தக் கம்ப்யூட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கார்டு என்னிடம் இருக்கிறது. இன்றைய விளையாட்டு எதுவும் அதில் ஓடாது. விசிறியில் குங்குமம் லேசாகத் தெரியும். எப்போதாவது அதை எடுத்துப் பார்த்தால் ஆச்சியை உடனே பார்க்க வேண்டும் போல் இருக்கும். உடனே போய்ப் பார்க்கிற தூரத்தில் அவள் இல்லை.

போன வருஷம் வேலை கிடைத்ததும் எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் பூட்டுவதற்காகக் கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். புராசஸர் எடுக்கும்போது கடைக்காரர், படம் காட்டுவது உள்ளேயே இருக்கிற ஒன்றைக் கையில் கொடுத்து, தனியாகக் கார்டு போடுகிறவர்கள் இதை வாங்க மாட்டார்கள், கார்டு கைக்கு வரும்வரை சமாளிக்க நினைக்கிறவர்கள்தான் வாங்குவார்கள் என்று சொன்னார். நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

நான் இல்லாமலும் அது ஓட வேண்டும். ஆனால் நான் போனால்தான் விளையாட முடிய வேண்டும். கல்யாணத்துக்கு இன்னும் புடவைகூட எடுக்காத அந்தச் சாயங்காலத்தில், மருந்துக்கடை மாடியில் நின்று, அப்படி ஒரு கம்ப்யூட்டரைத்தான் என் ஆச்சி தேர்ந்தெடுத்திருக்கிறாள். நானோ விளக்குப் போட்ட கேபினெட் போச்சே என்ற கோபத்தில், திரும்பி வரும்போது அவள் இடுப்பைப் பிடிக்கவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்து வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் பிரேக்கைப் பிடித்து, ஒரு கையைப் பின்னால் விட்டு, நான் இருக்கிறேனா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.